கிணறும் கரண்டும் பத்திரமும்

எங்கள் குடும்பம் முன்னுக்கு வந்த கதையை வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அப்பாரு கோவணத்தோடு தோட்டத்துக் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்தார். ஆத்தா கோழி கூப்பிடும் முன்பே எழுந்து எருமை கறந்தார். அப்பா பருத்தி மூட்டையை வண்டியில் ஏற்றித் திருப்பூர் கொண்டுபோய் விற்றார். அண்ணன்மார் இரவு பகல் பார்க்காமல் நின்று பனியன் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்கள். இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பல்லடம், அவிநாசிப் பக்கத்துக் கவுண்டர் வீடுகள் பலவற்றில் இதே கதை உண்டு. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர் முதலாளிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். உழைப்பால் வந்தோம் என்று அவர்கள் சொல்லும் கதைதான் அவரையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

அதே தோட்டத்தில், அதே வெயிலில், அப்பாருக்குக் குறையாமல் உழைத்த இன்னொரு குடும்பமும் இருந்தது. மாதாரி வளவிலிருந்து வந்து எங்களிடம் பண்ணையம் இருந்த அருந்ததியர் குடும்பம். அவர்கள் ஏன் முன்னுக்கு வரவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

கிணற்றிலிருந்தே தொடங்க வேண்டும். பாறையை உடைத்து அந்தக் கிணற்றை வெட்டியவர்கள் ஒட்டர்கள். நீர் இறைத்த தோல் பறியைத் தைத்துக் கொடுத்தது பண்ணையத்துக் குடும்பம். செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தி, பறியும் வாலுமாகத் தைத்து, கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் கம்பும் சோளமும். மாட்டை ஓட்டியது அப்பாரு என்றால், மாட்டுக்குப் பின்னால் ஏறிவந்த தண்ணீர் அவர்கள் தைத்த தோலில்தான் வந்தது.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகின, பிறகு சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் மோட்டார் இறங்கியது. எங்கள் தோட்டத்துக்கு அது அறுபதுகளில் வந்தது. நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது தோல் பறி சாளை விட்டத்தில் விறைத்துக் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் வந்ததால் எங்களுக்கு வெள்ளாமை கூடியது. பறி தைத்தவர்களுக்கு அந்தத் தொழிலே போய், வெறும் கூலி ஆட்களாக நின்றார்கள். பின்னர் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்டு இலவசமானது. கிணறு உள்ளவனுக்குத்தானே அந்த இலவசம்? கிணறில்லாத வீட்டுக்கு அதில் என்ன வந்தது?

அந்தப் பண்ணையத்து வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். எழுபதுகளில் நான் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷ் மீடியம் படித்தேன். லீவுக்கு வரும்போது அவள் மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுத்துக்கொண்டிருப்பாள். விரல் நுனியெல்லாம் காய் ஓட்டின் முனை கீறிய கோடுகள். என்னை "சாமி" என்பாள். அவளுடைய அப்பாவை நான் "டா" போட்டுக் கூப்பிடுவேன். என் அப்பாவைவிட மூத்தவர் அவர். வீட்டில் யாரும் அதைத் திருத்தியதில்லை, ஏனென்றால் அதுதான் வழக்கம். அவர்கள் வாசல் தாண்டி வந்ததில்லை. மோர் கேட்டால் ஆத்தா திண்ணையில் நின்று, ஏந்திய கையில் உயரத்திலிருந்து ஊற்றுவார். சிந்திய மோர் முழங்கை வழியாக வழிந்து மண்ணில் சொட்டும். அந்தச் சித்திரம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் எப்போதும் திண்ணையில் இருந்தேன்.

இன்று ஊர் டீக்கடையில் கொட்டாங்குச்சி இல்லை, தனித் தம்ளரும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துச் சில கடைகளில் சிலருக்குக் கண்ணாடி கிளாசும் சிலருக்குப் பேப்பர் கப்பும் வருவதை நானே பார்த்திருக்கிறேன். யாருக்கு எது என்று கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று என்னால் எழுத முடியவில்லை.

எண்பதுகளில் அண்ணன்மார் கம்பெனி தொடங்கியதும் உழைப்பை மட்டும் வைத்தல்ல. தோட்டத்துப் பத்திரத்தைப் பாங்கில் வைத்தார்கள். பங்காளிகள் கைமாற்றுக் கொடுத்தார்கள். நூல்காரர் கடனுக்கு நூல் அனுப்பினார், அவரும் மாமன் மச்சான் முறை. தொழில் முதல் வருஷமே படுத்தாலும் திரும்பி வரத் தோட்டம் இருந்தது. பண்ணையத்துப் பையனும் திருப்பூர் போனான், கட்டிங் மேசையில் நின்றான், அண்ணனைவிடக் கெட்டிக்காரன் என்று அண்ணனே சொல்வார். அவனுக்கு வைக்கப் பத்திரம் இல்லை, கேட்க மாமனும் இல்லை.

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில், அந்தப் பருத்தி எடுத்த பெண்ணின் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, கோவையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். "அதுகளுக்கென்னுங், கோட்டா இருக்குது" என்றார் ஒரு சித்தப்பா.

"நமக்கும் இருக்குதுங்க சித்தப்பா" என்றேன். 1975-ல் கொங்கு வேளாளரான நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தோம். அந்தச் சான்றிதழில்தான் எங்கள் பெரியண்ணன் காலேஜ் சீட் வாங்கினார். அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததோ 2009-ல். அதற்கும் வழக்கு நடந்து, 2024 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று சொன்னது. 1975-க்கும் 2009-க்கும் நடுவே 34 வருஷம். அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை படித்து, வேலைக்குப் போய், பிள்ளைகளையும் படிக்க வைத்துவிட்டது. சித்தப்பா ரசத்துக்குக் கை நீட்டினார், பேச்சு மாறிவிட்டது.

அந்தப் பெண் என்னை இப்போது சாமி என்பதில்லை, "அம்மிணி" என்கிறாள். அவள் மகள் ஆன்ட்டி என்கிறாள். ஆனால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியது அவர்கள் வீட்டில், எங்கள் வீட்டில் அல்ல. அவர்கள் வீடு புறம்போக்கில் இருக்கிறது, பட்டா இல்லை. ஒரு சமையல்கட்டு, ஒரு அறை, மேலே அட்டை. மகளின் சம்பளத்தில் செங்கல் சுவர் எழுப்ப முடியும், ஆனால் இடம் தன் பேரில் இல்லாமல் எந்தப் பாங்கும் வீட்டுக் கடன் தராது.

எங்கள் தோட்டத்தை இப்போது சைட் போட்டு விற்கப் பேச்சு நடக்கிறது. பாகப்பிரிவினையில் எனக்கும் பங்கு உண்டு. 1989-ல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த சட்டம், அப்போது கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு கொடுத்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் நகையும் சீரும் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவது வழக்கம். அண்ணன்மார் என்னிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

ரோட்டு ஓரமாக 10 சென்ட் அந்தக் குடும்பத்தின் பேருக்குப் பத்திரமாகட்டும், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தானமாக அல்ல, பாக்கியாக. பெரியண்ணன் யோசிக்கலாம் என்கிறார். சின்னண்ணன், ஒருத்தருக்குக் கொடுத்தால் வளவே வந்து நிற்கும் என்கிறார். நிற்கட்டும் என்கிறேன். ஆவணியில் பத்திர ஆபீசுக்கு நாள் பார்த்திருக்கிறார்கள். அதுவரை என் கையெழுத்து என்னிடம்தான்.