ஆர்.சி. புக் மட்டும் நனையவில்லை

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். டாக்டர் இல்லையென்றால் பேங்க் மேனேஜர். அவரும் இல்லையென்றால் ரிட்டயர்டான தலைமை ஆசிரியர்; வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் வண்டியை எடுப்பாராம். பத்து வருடத்து டீசல் கார், மீட்டரில் நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர். டீசல் காரை வாங்கி ஷெட்டில் நிறுத்தி அழகு பார்த்த மகான் யார் என்று கேட்டால், ஆட்டோ கன்சல்டிங் அண்ணன் நெஞ்சில் கை வைக்கிறார். "சார், சிங்கிள் ஓனர். ஃபுல் கம்பெனி சர்வீஸ். உங்களுக்காகத்தான் எடுத்து வச்சிருக்கேன்." டாக்சி ஓட்டியவர்கள், வாடகைக்கு விட்டவர்கள், ஈ.சி.ஆரில் ரேஸ் விட்டவர்கள் யாரும் இந்த மாநிலத்தில் காரை விற்பதே இல்லை.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கடைக்கு வாடகை கட்டி, வட்டிக்கு முதல் போட்டு, வெயிலில் நின்று பொய் சொல்கிறார். என் ஆத்திரம் உண்மை தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் மேல்.

ஏனென்றால் ஒரு காரின் ஜாதகம் முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள் என்பது கம்பெனி சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எங்கே மோதியது, எந்தப் பக்கம் நசுங்கியது என்பது போட்டோவோடு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இருக்கிறது. கடன் கதை பைனான்ஸ்காரரிடம். கைமாறிய கதை ஆர்.டி.ஓ. ஆபீசில். வழக்கு போலீசில். எல்லோருக்கும் தெரியும். ஐந்து லட்சம் எண்ணிக் கொடுப்பவனுக்கு மட்டும் தெரியக்கூடாது.

அரசாங்கத்தின் ஞாபகசக்தியைக் குறை சொல்ல முடியாது. எப்போதோ சிக்னலில் கோட்டைத் தாண்டி நிறுத்திய அபராதம் இ-சலானில் பத்திரமாக நிற்கும். அதே கார் ஜன்னல் அளவு தண்ணீரில் மூன்று நாள் கிடந்தது மட்டும் ஞாபகம் இருக்காது. மூழ்கியதற்கு அபராதம் கிடையாதல்லவா.

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டினால் ஒன்றுமே வராது என்று சொல்லமாட்டேன். பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, எந்தப் பைனான்ஸில் கடன் நிற்கிறது எல்லாம் வரும். கட்டாயம் பாருங்கள். சிங்கிள் ஓனர் வண்டிகள் பல அங்கேயே மூன்றாவது ஓனர் வண்டியாகிவிடும். ஆனால் ஓனர் பெயருக்கு நடுவே நட்சத்திரக் குறிகள். அந்தரங்கத்தைக் காக்கிறார்களாம்.

அந்தரங்கத்தில் இவ்வளவு அக்கறை கொண்ட இதே மத்திய அரசு, 2019இல் வாகனத் தகவல்களை மொத்த வியாபாரத்துக்கு விட்டது. ஒரு நிறுவனம் வருடத்துக்கு 3 கோடி ரூபாய் கட்டினால் மொத்தமாகக் கொடுக்கப்படும் என்று கொள்கையே வகுத்தார்கள். 87 தனியார் நிறுவனங்களுக்குத் தகவலைத் திறந்துவிட்டோம், 65 கோடி ரூபாய் வந்தது என்று அந்த வருடம் ஜூலையில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தரங்கம் பாதிக்கப்படலாமே என்ற ஞானோதயம் 2020இல் வந்தது, கொள்கையைக் கைவிட்டார்கள். வாங்கிய காசைப் பற்றி ஞானோதயம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. 3 கோடி வைத்திருந்தவனுக்குக் கதவைத் திறந்தார்கள். 3 லட்சத்துக்கு ஒரு மாருதி தேடுகிறவனுக்கு நட்சத்திரம் காட்டுகிறார்கள்.

வெள்ளத்துக்கு வருவோம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்; பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் மிதந்து போனதை நாடே பார்த்தது. அடுத்த வருடம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். வடிகாலுக்கு நாலாயிரம் கோடி என்று மேடைதோறும் கேட்ட ஜனம், கடைசியில் மேம்பாலத்தைத்தான் நம்பியது.

சரி, மூழ்கிய கார்களெல்லாம் எங்கே போயின? ரிப்பேர் செலவு காருக்குப் போட்ட காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. ஓனருக்குப் பணம் போகும். வண்டி சால்வேஜ் ஏலத்துக்குப் போகும். இனி ஓடவே முடியாதபடி அழிந்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லிப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு சொல்கிறது. 1988இலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏலத்திலோ வண்டியோடு ஆர்.சி.யும் சேர்ந்து விலை போகிறது. இன்சூரன்ஸ் கணக்கில் பிணம். ஆர்.டி.ஓ. கணக்கில் உயிரோடு இருக்கிறது. சீட்டைக் கழற்றி வெயிலில் காயவைத்து, வயரிங்கை மாற்றி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, உள்ளே ஒரு பாட்டில் சென்ட் தெளித்தால் டாக்டர் வண்டி தயார்.

இன்னொரு ரகமும் உண்டு. நொறுங்கிய காரின் ஆர்.சி.யையும் சேஸிஸ் நம்பரையும் வாங்கி, அதே மாடலில் திருடிய காருக்கு மாட்டிவிடுவது. திருட்டு வண்டியா என்று பார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இணையத்தில் வசதி செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது நம்பரைத்தான் தேடும். நம்பர் உத்தமமானது, வண்டிதான் திருட்டு.

ஆகவே, அரசும் கம்பெனியும் செய்ய வேண்டிய துப்பறியும் வேலையை ஞாயிற்றுக்கிழமை குடும்பஸ்தன் செய்கிறான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கிறான். ஸ்டெப்னியைத் தூக்கிக் குழிக்குள் துருவைத் தேடுகிறான். தரைவிரிப்பைப் பெயர்த்து மோந்து பார்க்கிறான். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருட முத்திரையா? கதவு போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பா? டயரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று வருட வண்டி, இருபதாயிரம்தான் ஓடியது என்கிறார். நான்கு டயரும் போன வருடம் செய்தவை. பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மீட்டரைத் திருப்பியவர்கள் பெடலைத் திருப்ப மறந்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய காகிதம் பழைய இன்சூரன்ஸ் பாலிசி. கிளைம் வாங்காத ஓனருக்கு முதல் வருடம் 20 சதவீதம் நோ கிளைம் போனஸ். தொடர்ந்து ஐந்து வருடம் வாங்காமலிருந்தால் 50. வாங்கிவிட்டால் பொதுவாகப் பூஜ்யத்தில் இறங்கும். "ஒரு கீறல்கூடக் கிடையாது சார்" என்பவரின் ஐந்தாம் வருட பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், கீறல் எங்கே என்று கேளுங்கள். கிளைமுக்குப் பணம் கொடுத்த கம்பெனி வாய் திறக்காது. அது அச்சடித்த காகிதம் வாய் தவறிச் சொல்லிவிடும். அதனால்தானோ என்னவோ, பாலிசி எப்போது கேட்டாலும் வீட்டில் இருக்கிறது.

ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றம் இருக்கிறதே, அது தனிக் கூத்து. படிவம் 29, படிவம் 30, முகவரிச் சான்று, போட்டோ. கடன் இருந்த வண்டி என்றால் 35. சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஒட்ட வேண்டும். செயற்கைக்கோள் விடும் தேசத்தில் பென்சில் தேய்ப்பு. போகட்டும். அந்த இரண்டு விற்பனைப் படிவங்களில் எதிலாவது, இன்றைக்கு மீட்டர் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லை. தகப்பனார் பெயர் வேண்டும். கிலோமீட்டர் வேண்டாம். ஒரே ஒரு கட்டம் போட்டு, கைமாறும்போதெல்லாம் எழுதி வைத்தால் மீட்டர் திருப்பும் தொழில் பாதி படுத்துவிடும். அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். கையில் இருக்கும் அந்தப் பென்சில் போதும்.

பிரிட்டனில் நம்பர் பிளேட் எண்ணைத் தட்டினால் வருடாந்தரச் சோதனை ஒவ்வொன்றிலும் மீட்டர் எவ்வளவு காட்டியது, எதில் தோற்றது என்று அரசுத் தளமே காட்டுகிறது. இலவசமாக. அமெரிக்கா மீட்டர் திருப்புவதற்கு எதிராக 1972லேயே தேசியச் சட்டம் போட்டது. அங்கேயும் திருடர்கள் உண்டு. ஆனால் திருடனுக்கு அரசாங்கம் விளக்கைப் பிடிப்பதில்லை.

வாங்குகிறவன்தானே ஏமாளி என்று விற்கிறவரும் சிரிக்க வேண்டாம். 2007இல் ஒருவர் வண்டியை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கைமாறியது, ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009இல் விபத்து. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காரலாம்.

இதையெல்லாம் சரிக்கட்டத்தான் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி கைக்கு வந்ததும் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். தேதியைக் கவனியுங்கள், அவர்களாகவே தேர்ந்தெடுத்தது. அடுத்தமுறை கன்சல்டிங் ஆபீசுக்குப் போகும்போது, சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாமி படம் கட்டாயம் இருக்கும்.

விதியை அமல்படுத்த ஆள் இல்லை. வரி போட மட்டும் ஆள் பற்றாக்குறை வந்ததே இல்லை. 2024 டிசம்பரில் ஜெய்சல்மாரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. பழைய கார் விற்கும் வியாபாரியின் லாபத்துக்கு, எந்தக் காராக இருந்தாலும் 18 சதவீதம் என்று பரிந்துரைத்தது. சின்ன காருக்கு அதுவரை 12தான். அவர் லாபத்துக்கு வரி என்றால் அதைக் கட்டப்போவது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கூட்டத்தில்தான் பாப்கார்னையும் விசாரித்தார்கள். உப்புப் போட்டது உதிரியாக என்றால் 5, பாக்கெட்டில் என்றால் 12, கேரமல் என்றால் 18. ஆக அன்றைய கணக்கில் பழைய காரும் கேரமல் பாப்கார்னும் ஒரே ஜாதி. பாப்கார்ன் பாக்கெட்டிலாவது எப்போது செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதிக்குமேல் தொடக்கூடாது என்று சட்டப்படி அச்சடித்திருந்தது.