ஜிப்ஸியைத் தூக்கப் போகிறவர்

கோயம்புத்தூரில் சாய்பாபா காலனி, வடவள்ளிப் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார் என்றால் மிகை. வார்டுக்கு ஒருவர் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். பம்ப்செட் உதிரிபாகம் கடையும் சின்னப் பட்டறையோ நூல் வியாபாரமோ பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்திய மாருதி ஜிப்ஸி ஒன்று நிற்கும். 1990களின் கடைசியில் வந்த வண்டி. ராணுவ ஏலத்தில் எடுத்தது என்றால் அதன் சரித்திரம் இன்னும் கால் மணி நேரம் நீளும். அந்த வண்டியை அவர் இரண்டு இன்ச் தூக்கப் போகிறார். போன வருஷமும் தூக்கப் போகிறவராகத்தான் இருந்தார். காட்டுப் பாதைப் பைத்தியம் பிடித்த மனிதர் என்பது அக்கம்பக்கத்தாரின் தீர்ப்பு. சாட்சியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. காட்டுக்கும் அவருக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. அவர் ரிப்பேர் வேலைக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருப்பவர். இரண்டு இன்ச் திட்டம் அவர் ஒளிந்திருக்கும் இடம்.

முதல் சாட்சி வண்டியேதான். 1985 டிசம்பரில் அறிமுகமான ஜிப்ஸி, உற்பத்தி நிற்கும்வரை நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங்கோடுதான் வந்தது. கால் நூற்றாண்டு சுமை தாங்கிய பட்டை தன் வளைவை இழந்து தட்டையாகிவிடும். பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளில் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்துப் பாதி உதிர்ந்திருக்கும். ஓட்டுகிறவர் உட்காரும் வலது பக்கம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்கும். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாலே இந்தச் சாய்வு தெரியும். வைத்தியம் ஒன்றும் ரகசியமில்லை. பட்டையைக் கழற்றி ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்தால் தட்டி வளைவேற்றித் தருவார்கள். புஷ், யு போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டு, கசியும் ஷாக் அப்சார்பரை மாற்றினால் இழந்த உயரத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். இரண்டு மூன்று நாள் வேலை. இது அவருக்குத் தெரியாததா? ஊரில் வேறு யாரைவிடவும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் கம்ப்யூட்டரில் பராமரிக்கும் பட்டியலில் ‘புஷ் மாற்றுதல்’ கடைசி வரிசையில் இருக்கிறது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் போடாமல் மேல்மாடி கட்டப் படம் வரைகிறவரின் தர்க்கம் இது.

பட்டியலின் மேல்வரிசைகளைத்தான் அவர் உயிராக நேசிக்கிறார். உயரம் ஏற்ற நான்கு வழி உண்டு. நான்குக்கும் அவரிடம் ஆதரவான வாதமும் எதிர்வாதமும் தயார். முதல் வழி, நீளமான ஷாக்கிள். செலவு குறைவு. ஆனால் ஷாக்கிளை இரண்டு இன்ச் நீட்டினால் வண்டி ஒரு இன்ச்தான் ஏறும். பட்டையின் மறுமுனை சேஸிஸில் அசையாமல் பூட்டியிருக்கிறதே. அதோடு முன் ஆக்ஸில் சற்றே திரும்பி, கேஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது அந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் அவிநாசி ரோட்டில் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும். ஆகவே ஷாக்கிள் தள்ளுபடி. இரண்டாவது வழி, கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது. அப்படிச் செய்தால் சவாரி மாட்டுவண்டித் தரத்துக்கு இறங்கிவிடும் என்று அவரே தீர்ப்பெழுதிவிட்டார். மூன்றாவது, ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கும் ‘ஓல்டு மேன் ஈமு’ ஸ்பிரிங் செட். இதன் பெயரை உச்சரிக்கும்போது குரல் தணியும். விலையைச் சொல்லும்போது, மனைவி சமையலறையில் இருந்தால் இன்னும் தணியும். நான்காவது வழிதான் உச்சம். ஜிப்ஸியில் பட்டை ஆக்ஸிலுக்கு அடியில் கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்து ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிக் கட்டினால் ஒரே மூச்சில் ஐந்து இன்ச் அளவுக்கு ஏறிவிடும். ஆனால் பிரேக் ஹோஸ் எட்டாது. ஸ்டியரிங் ராடின் சரிவு கெடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து கிராஸ் ஜாயின்ட்டைத் தின்றுவிடும். ஒவ்வொரு ‘ஆனால்’ வரும்போதும் அவர் முகம் வாடுவதில்லை, மலர்கிறது. ஒரு ‘ஆனால்’ என்றால் பட்டியலில் இன்னும் மூன்று வரிசை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு இதை விளக்க அப்பளத்தை எடுத்து வளைத்துக் காட்டுவார், அது உடையும். “பார்த்தீங்களா, மெயின் பட்டை இப்படித்தாங்க போகும்” என்று அதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்வார்.

உயரம்தான் அவருக்கு வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜிப்ஸியின் அடியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது டிஃபரன்ஷியல் உருண்டை. கம்பெனிக் கணக்கில் தரைக்கு மேலே 210 மில்லிமீட்டர். அந்த உருண்டை ஆக்ஸிலோடு ஒட்டியது. பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே போவது உடம்பும் சேஸிஸும்தான். உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பாறை இடிக்க வேண்டும் என்று நினைத்தால் முன்பு இடித்த அதே இடத்தில் இடிக்கும். உருண்டையை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். கம்பெனி டயரான 205/70 ஆர் 15-க்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 668-லிருந்து 733 மில்லிமீட்டர் ஆகும். அதில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டர், உருண்டைக்குக் கிடைக்கும். ஒன்றேகால் இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். இதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போய்க்கொண்டிருக்கும். மேட்டில் ஒரு கியர் இறக்க வேண்டிய இடத்தில் எஞ்சின் முனகும். இதெல்லாம் அவருடைய பட்டியலிலேயே தசம சுத்தமாக இருக்கிற கணக்கு. தரைக்கும் உருண்டைக்கும் நடுவே இடம் வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்தால் டயர் கடைக்குப் போய் ஒரே மத்தியானத்தில் காரியத்தை முடித்திருப்பார்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பெரிய டயர் திரும்பும்போது மட்கார்டில் உரசும்; அதற்கு இடம் விடவாவது உடம்பு உயர வேண்டும். மேடு ஏறி இறங்கும்போது வயிறு தட்டாமலிருக்கவும், முன் பம்பர் கல்லில் குத்தாமலிருக்கவும் லிஃப்ட் உதவும். ஆஃப் ரோடு போட்டிக்கு வருகிறவர்கள் வேடிக்கைக்காக வண்டியைத் தூக்குவதில்லை. எல்லாம் சரி. ஆனால் நம் ஆள் போகும் பாதை எது? ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் தார் ரோடு; அரசு பஸ் தினமும் சலிக்காமல் ஏறுகிறது. சரி, உண்மையிலேயே மோசமான பாதைக்குப் போய்ப் பார்ப்போம். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் இருக்கிறது; அங்கே வண்டியில் போகக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். அதைப் பாதை என்பதே உபசார வார்த்தை. உருண்டைக் கற்களை மலையிலிருந்து கொட்டிவிட்டு அப்படியே மறந்துபோனது மாதிரி கிடக்கும். விடிகாலையில் சூரியோதயம் பார்க்க வருகிறவர்களைப் பின்னால் அடைத்துக்கொண்டு பழைய மஹிந்திரா ஜீப்புகள் அதில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. அந்த வரிசையில் ஆஸ்திரேலிய லிஃப்ட் செட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு ட்ரிப் போனால் ஒரு நாள் சோறு என்று வாழ்கிற டிரைவருக்குப் பட்டை உடைந்தால் அன்றைக்கே மாற்றியாக வேண்டும். புஷ் போனால் போட்டாக வேண்டும். கேஸ்டர் கோணத்தைப் பற்றிப் பேச அவருக்கு நேரமும் இல்லை, பந்தியும் இல்லை. பாதை எவனுக்கு நிஜமோ அவன் ரிப்பேர் செய்கிறான். பாதை கற்பனையாக இருக்கிறவர் உயரம் ஏற்றுகிறார்.

சட்டம் குறுக்கே நிற்பதால்தான் தாமதம் என்று அவர் சார்பில் சிலர் பேசுவார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்து விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பயப்பட வேண்டிய சமாச்சாரம்தான். அவர் பயந்தாரா என்றால் இல்லை. அபராதத்துக்கும் பட்டியலில் ஒரு வரிசை ஒதுக்கினார். பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பழைய பட்டையைப் பரணில் பத்திரமாக வைத்திருந்து அந்த வாரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்வாராம். சட்டம் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. இன்னும் நான்கு வரிசைக்கான கச்சாப்பொருளாகத்தான் ஆகியிருக்கிறது.

அப்படியானால் ரிப்பேரில் அவரை அவ்வளவு மிரட்டுவது எது? செலவு இல்லை, ஆஸ்திரேலிய செட்டுக்குக் கொடுக்கத் துணிந்த பணத்தில் சின்னத் துண்டு போதும். ரிப்பேரின் குணம்தான் சங்கடம் என்று தோன்றுகிறது. புது புஷ் போட்ட வண்டியும் போடாத வண்டியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யாரும் நின்று பார்த்து “எவ்வளவு ஆச்சுங்க?” என்று கேட்க மாட்டார்கள். அதைவிட மோசம், ரிப்பேர் முடிந்துவிடும். முடிந்தபின் சாவியை எடுத்து வண்டியை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பழசாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளாமல் ரிப்பேரைத் தொடங்கவும் முடியாது. வண்டி பழசானதை ஒப்புக்கொண்டால் பேச்சு அங்கேயே நிற்குமா? மூட்டு வலியால் ஏற்கெனவே கதவுச் சட்டத்தைப் பிடித்துத்தான் அவர் ஜிப்ஸியில் ஏறுகிறார். இரண்டு இன்ச் உயர்த்தினால் எப்படி ஏறுவார் என்ற கேள்விக்கு 23-ஆம் வரிசையில் விடை இருக்கிறது: பக்கவாட்டில் கால் வைக்க இரும்புப் படி. அந்தப் படி, உயர்த்திய உயரத்தைவிடக் கீழே தொங்கும். பாறையில் முதலில் இடிக்கப்போவது அதுதான். இதை யாரும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் படியை மடக்க மோட்டார் வைத்துவிடுவார் என்ற அச்சம் ஒரு காரணம்.

புது வண்டி வாங்கிவிடலாமே என்கிற புத்திமதியும் அவ்வப்போது வரும். 2023-இல் வந்த ஜிம்னிக்கும் அதே 210 மில்லிமீட்டர்தான். காயில் ஸ்பிரிங், ஏ.சி., தொந்தரவில்லாத ஸ்டார்ட். அவர் அதை மரியாதையோடு பார்த்துவிட்டு, “காயில் ஸ்பிரிங்குல என்னங்க செய்யறதுக்கு இருக்கு?” என்பார். இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேறு தேவையில்லை. செய்வதற்கு ஏதாவது இருப்பதுதான் அவருக்கு வண்டி.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கு, விட்டுவிடலாமே என்பது கடைசி மறுப்பு. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பும் சாக்பீஸும் போதும். இதற்கு மாறாக, வண்டி தார்ப்பாய்க்கடியில் துருவேறுவது கெடுதல்தான் என்று சொல்லலாம். பிரேக் ஹோஸ் வெடித்த வண்டி, திட்டம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஆனால் இந்த மறுப்புக்கு முழுப் பதில் உக்கடத்துப் பழைய மெக்கானிக் ஒருவரிடம்தான் இருக்கிறது. ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். லிஃப்ட் வீண் என்று பாய் ஒருபோதும் வாதாடியதில்லை. வாதாடியவர்களின் வாடிக்கை போய்விட்டதைப் பார்த்தவர். அவர் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: “லிஃப்ட் தாராளமா போடலாங்க சார். பழைய புஷ்ல லிஃப்ட் நிக்காது. மொதல்ல அதைப் புதுசு பண்ணிக்குவோம். ஈமு செட்டு வர்ற வரைக்கும் இருக்கற பட்டையைத் தட்டி வெச்சுக்கலாம்.” நம் ஆள் உடனே, “அதைத்தானே பாய் நானும் சொல்லிட்டிருக்கேன்” என்பார். கடைசி வரிசையில் வருஷக்கணக்காகத் தூங்கிய புஷ், ‘லிஃப்ட்டுக்கான ஆயத்தம்’ என்ற புதுத் தலைப்பில் முதல் வரிசைக்கு வந்துவிடும். யு போல்ட், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் எல்லாம் அதே தலைப்பின் நிழலில் ஒவ்வொன்றாக மாறும். ஜிப்ஸி உயிரோடு இருப்பது, அதற்கு ஒருபோதும் வந்து சேராத லிஃப்ட்டின் புண்ணியத்தில்தான். ஆகவே ரிப்பேருக்குப் பயந்தவர் என்ற குற்றச்சாட்டை நான் விலக்கிக்கொள்ளவில்லை. பெயரை மாற்றிக் கொடுத்தால் விழுங்கிவிடுவார் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாயின் வேலை முடிந்ததும் வண்டி சாய்வு நீங்கி நேராக நிற்கிறது. பழையபடி முக்கால் இன்ச், சில இடத்தில் ஒரு இன்ச் எழும்பியிருக்கிறது. அவர் டேப்பை எடுத்து ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு சக்கரத்திலும் அளக்கிறார். அளந்ததும் முகம் இருள்கிறது. பட்டியலில் இருக்கும் ஷாக் அப்சார்பர் நீளம், ஹோஸ் நீளம், ஷாஃப்ட் கோணம் எல்லாமே தொய்ந்த வண்டியின் அளவில் போட்ட கணக்கு. அத்தனையும் இப்போது தப்பு. இனி அந்த இரண்டு இன்ச்சைப் பழைய உயரத்திலிருந்து எண்ணுவதா, புது உயரத்திலிருந்து எண்ணுவதா என்று முதலில் முடிவாக வேண்டும். அதைப் பேசத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் உக்கடம் போகிறார், ஸ்விஃப்டில்.