ரீல்ஸ் டாக்டரும் ரேங்க் கார்டும்

கே: ரீல்ஸில் சொன்ன ஐந்து அறிகுறியும் எனக்கு அப்படியே பொருந்துகின்றன. எனக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடுதானே?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: ரீல்ஸ் யாருக்குத்தான் பொருந்தவில்லை? டாக்டர் உங்கள் ஆபீஸோடு ஐந்தாம் வகுப்பையும் விசாரிப்பார். 12 வயதுக்கு முன்பே தொல்லை தொடங்கியிருக்க வேண்டும். வீடு, வேலை என்று இரண்டு இடத்திலாவது அது தெரிய வேண்டும். பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் அம்மாவை அழைத்துப் போங்கள். அவர் எதையும் மறந்திருக்க மாட்டார்.

கே: பள்ளியில் நான்தான் முதல் ரேங்க். 45 வயதில் திடீரென்று எதிலும் மனம் நிற்கவில்லை.
– வங்கி அதிகாரி, திருச்சி

ப: திடீரென்று வந்தால் முதலில் வேறு ஆட்களைச் சந்தேகப்படுங்கள்: தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் குறைவு. குறட்டை உண்டா? உங்களுக்குத் தெரியாது, வீட்டில் கேளுங்கள்.

கே: என் கணவருக்கு 2011 உலகக் கோப்பை பந்து பந்தாக நினைவிருக்கிறது. கரண்ட் பில் மட்டும் மறந்துபோகிறது. நடிப்புதானே?
– இல்லத்தரசி, மதுரை

ப: நடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஏ.டி.எச்.டி.யில் இது சகஜம். பிடித்ததில் மணிக்கணக்கில் மூழ்குவார்கள்; சலிப்பான வேலைக்குக் கவனத்தை எவ்வளவு இழுத்தாலும் வராது. பில்லை ஆட்டோ பேயில் போட்டுவிடுங்கள். நோயோ நடிப்போ, ஃபேன் சுற்றும்.

கே: மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் விளக்கியபோது, என்னைப் பற்றிச் சொல்வதுபோலவே இருந்தது.
– ஆசிரியை, தஞ்சாவூர்

ப: பெரியவர்கள் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. பரம்பரையின் பங்கு இதில் மிக அதிகம். பெஞ்சு தாண்டிக் குதித்த பையன் வாத்தியார் கண்ணில் பட்டான். ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்ட சிறுமி ‘சமர்த்து’ என்று பெயர் வாங்கினாள். நீங்களும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

கே: வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?
– ஓய்வுபெற்றவர், சேலம்

ப: துவையல் அரையுங்கள், இட்லிக்கு நன்றாக இருக்கும்.

கே: மாத்திரை போதைப் பழக்கமாகிவிடாதா?
– விற்பனைப் பிரதிநிதி, கோவை

ப: மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்கி மருந்தைத்தான் கேட்கிறீர்கள். 1944இல் சிபா கம்பெனி வேதியியலாளர் பனிசோன் உருவாக்கியது. மனைவி ரீட்டாவின் பெயரால்தான் அது ‘ரிட்டாலின்’ ஆனது. தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ளதால்தான் இங்கே ‘எக்ஸ்’ அட்டவணைக் கட்டுப்பாடு: சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்று கடையிலேயே இருக்கும். டாக்டர் ரத்த அழுத்தம், இதயம் பார்த்து, அளவு குறித்துக் கொடுத்தால் பயம் வேண்டாம். நண்பரின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். ஊக்கி வகையைச் சேராத அடோமாக்ஸெட்டினும் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வேலையைத் துண்டாக்கவும் நேரத்தைக் கணக்கிடவும் பழக்கும் மனநல சிகிச்சையும் கூடவே தேவை. மாத்திரை உங்களுக்காக டைரி எழுதாது.

கே: மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

ப: ஊர் இப்போதும் சொல்கிறதே, ‘சோம்பேறி’ என்று! நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.