தொம்முன்னு எறங்கினா கும்பிடு போடுலே

ஏலே மக்கா, மழை பேஞ்சா ஊரு சனம் வீட்டுக்குள்ள அடங்கிக் கெடக்கும்னு நெனச்சேன். சென்னையில மவன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினப்பதான் சங்கதி வெளங்குச்சு. கார்த்திகை மாச அடைமழை. கொடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தன். பிளாஸ்டிக் கவருக்குள்ள போனை வச்சுக்கிட்டு ஒருத்தி. பக்கத்து மாடியிலயும் ஒரு கூட்டம். எல்லாரும் மேக்க பாத்துக்கிட்டு நிக்காவ. என்னத்தலே பாக்கீக? மீனம்பாக்கத்துல பெரிய ஏரோப்பிளேன் எறங்கப் போவுதாம்!

சரி, ஏன்டா மேக்கருந்து வருதுன்னு கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. வாடை வடகெழக்க இருந்து அடிக்கு. ஏரோப்பிளேன் எதுத்த காத்துலதான் எறங்கும். அதான் இந்த மாசத்துல நம்ம தலைக்கு மேல வருது. இது தெரியாதவன் கையில போனு மட்டும் லட்ச ரூவாய்க்கு.

ஒன்னையச் சொல்லி என்ன செய்ய? 2022 பிப்ரவரி 18ஆம் தேதி லண்டன்ல யூனிஸ்னு ஒரு புயலு. ஹீத்ரோவுல ஏரோப்பிளேன் ஆடி ஆடி எறங்குதத ஒருத்தர் கேமரா வச்சு நேரலையாக் காட்டினாரு. ஒரே நேரத்துல ரெண்டு லட்சம் பேருக்கு மேல ஒக்காந்து பாத்திருக்காவ. வெள்ளக்காரனுக்கும் சோலி இல்லாத நாளு உண்டு பாத்துக்கோ. ஆனா அந்த மனுசன் வெவரம் தெரிஞ்சவரு. பைலட்டு நல்லா எறக்கினா நல்லா எறக்கினாருன்னு சொன்னாரு. நம்ம மாடியில அந்தப் பேச்சே இல்ல.

மொதல்ல ஒருத்தன் கத்துனான். “ரெக்கையில பொகை! ரெக்கையில பொகை!” பொகையாவது மண்ணாவது. ஈரக் காத்து ரெக்கை மேல வேகமா ஓடயில அழுத்தம் கொறையும். காத்து குளுந்து போவும். அதுல இருக்க ஈரம் வெள்ளையாத் தெரியும். கண்ணு மூடித் தெறக்குமுன்ன காணாமப் போவும். அதுக்குள்ள இவன் படம் புடிச்சு, ‘தீப்பிடித்த விமானம்?’னு தலைப்பு எழுதிப் போட்டுட்டான். கடைசியில கேள்விக்குறி போட்டாச்சுன்னா பொய் சொன்ன பாவம் சேராதாம்லா.

பொறவு எறங்கிச்சு பாரு. தொம்!

போயிங் 777. அந்த வகையில பெருசு 250 டன் வரைக்கும் எடையோட தரையிறங்கும். பின்னால ரெண்டு காலு, ஒரு காலுக்கு ஆறு சக்கரம். அம்புட்டும் அழுத்தி எறங்கினா ஒரு குலுக்கு குலுக்கத்தான் செய்யும். மாடியில நின்னவம்புட்டும் உச்சுக் கொட்டிட்டாவ. “என்ன சார் லேண்டிங்கு இது, பைலட்டு புதுசு போல”ன்னாரு ஒரு பெரிய மனுசன். அவரு ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட நாலு தடவை ஒதைக்கவரு.

ஏலே, பாசி புடிச்ச கொளத்துப் படியில ஒங்க ஆச்சி தண்ணி எடுக்க எறங்குதத பாத்திருக்கியா? நுனிக்கால வச்சு நாசூக்காவா எறங்குவா? காலை நல்லா ஊனி, பாரத்த அதுமேல எறக்கிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவா. நாசூக்கு பாத்தவளுவல்லாம் கொடத்தோட தண்ணிக்குள்ள கெடந்தாளுவ.

எங்க மதினி மவன் ஒருத்தன், ஏரோப்பிளேன் சக்கரம் கழத்தி மாட்டுத வேலை. அவன்ட்ட இதைக் கேட்டேன். தரையில தண்ணி தேங்கி நிக்கும்போது சக்கரம் வேகமா வந்தா, தண்ணிய ஒதுக்க நேரம் இருக்காது. தண்ணி மேலயே ஏறி மெதக்கும். சக்கரம் தரையத் தொடலைன்னா பிரேக்கு எதப் புடிக்கும்? அதனால ஈரத்துல அழுத்தி எறக்கணும், தண்ணிப் படலத்த ஒடைச்சுக்கிட்டு ரப்பரு தரையில ஒக்காரணும். ஏரோப்பிளேன் செஞ்சவனே பைலட்டுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுக்கானாம்.

இன்னொரு கணக்கும் சொன்னான். எறங்குத நேரத்துல ஒரு நொடிக்கு 70 மீட்டர் தரை பின்னால ஓடிப் போவும். பயணி கை தட்டணும்னு பைலட்டு அஞ்சு நொடி மெதக்க விட்டாருன்னு வையி. 350 மீட்டர் ஓடுதளம் போச்சு! போனது திரும்பி வருமா? மழையில பிரேக்கு புடிக்கவும் கூடுதல் தூரம் வேணும். இருக்கதையும் நாசூக்குக்குத் தின்னக் குடுத்துட்டு, கடைசியில எதுல நிப்பாட்ட?

தொம்முன்னு ஒக்காந்ததும் ரெக்கை மேல பலகை பலகையா எந்திரிச்சு நிக்கும். சன்னலோரம் ஒக்காந்திருக்கவன் ரெக்கை பிஞ்சு போச்சுன்னு பக்கத்துல இருக்கவன் கையைப் புடிச்சுக்குவான். அது பிய்யலலே. அதுவரைக்கும் ரெக்கை தூக்கிக்கிட்டு இருந்த பாரத்தச் சக்கரத்து மேல எறக்கி விடுத பலகை அது. பொறவு ஹோன்னு ஒரு எரைச்சல். இன்ஜின் பின்பக்கமாச் சுத்துதுன்னு அந்தப் பெரிய மனுசன் பாடம் நடத்துனாரு. இன்ஜின் எப்பவும் சுத்துத பக்கந்தான் சுத்தும். வெளிய போவுத காத்தைத்தான் மறிச்சு முன்னால திருப்பி விடுதான். ஈரத் தரையில அது தண்ணியையும் வாரி அடிக்கும். எறங்கினதும் சுத்தி எழும்புத வெள்ளை மேகம் அதான்.

தரையிலயும் சூச்சுமம் உண்டு. ஓடுதளத்துல குறுக்குக் குறுக்கா மெல்லிசா வெட்டி விட்டிருப்பான். ஆறு மில்லிமீட்டர் அகலம், அதே ஆழம். சக்கரத்துக்கு அடியில மாட்டுன தண்ணி அது வழியா வெலகிப் போவும். ராக்கெட்டு விடுதானே நாசாக்காரன், அவன் 1960கள்ல ஒக்காந்து சோதிச்சுப் பாத்த வேலை. சந்திரனுக்குப் போவ ஏற்பாடு பண்ணின ஆளு, ஈரத் தரையில எப்படி வழுக்காம நிக்கதுன்னும் பாத்திருக்கான். அதுக்கு ஒருத்தனும் கை தட்டல.

தள்ளிப் போய் எறங்கினா என்ன ஆவும்னு கேளு. டொரோன்டோவுல 2005 ஆகஸ்ட் 2ஆம் தேதி. இடியும் மழையுமா இருக்கையில ஒரு ஏர்பஸ் 340 எறங்குச்சு. தரையத் தொட்டதே ஓடுதளத்துல ரொம்ப தூரம் தள்ளி. நிக்காம வெளிய ஓடி ஓடைக்குள்ள விழுந்து எரிஞ்சு போச்சு. உள்ள 309 பேரு. அம்புட்டு பேரும் பொழச்சுட்டாவ, சாமி புண்ணியம். ஆனா எரியுத ஏரோப்பிளேன்லருந்து எறங்கும்போது எத்தன பேரு மேல வச்ச பையை எடுத்துக்கிட்டு எறங்கிருக்கான் தெரியுமா? விசாரணை பண்ணினவன் எழுதி வச்சிருக்கான், கிட்டத்தட்ட பாதிப் பேராம். உசுரு போவுத நேரத்துல மாத்துத்துணி எதுக்குலே?

கோழிக்கோட்டுல 2020 ஆகஸ்ட் 7 அப்படி முடியல. மழை ராத்திரி, மலை உச்சியத் தட்டையாக்கிப் போட்ட ஓடுதளம், முதுகுல தள்ளுத காத்து. 2,700 மீட்டர் நீளத்துல பாதியத் தாண்டிப் போய்த்தான் சக்கரம் தரையத் தொட்டுச்சு. 21 பேரு செத்துப் போனாவ, ரெண்டு பைலட்டும் சேத்து. இதுல கேலி பேச எனக்கு வாய் வரல. மேல போவோம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு நம்ம மீனம்பாக்கத்துல ஒண்ணு எறங்க வந்துச்சே, ஞாவகம் இருக்கா? தரையத் தொடுத நேரத்துல ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. சட்டுன்னு தூக்கிக்கிட்டு மேல போயிட்டாரு பைலட்டு. அந்தப் படத்த ஒலகம் பூரா பாத்துட்டு ‘மயிரிழையில் தப்பியது’ன்னு எழுதுச்சு. ஏலே, சரிப்பட்டு வரலைன்னா திரும்பி மேல போன்னுதான் அவருக்குப் பழக்கமே குடுத்திருக்கு. ஒரு சுத்து சுத்தி வந்து எறங்கலாம். காத்து விடலைன்னா வேற ஊருல போய் எறங்கலாம். நீ என்னடான்னா, டாக்சிக்குச் சொல்லி வச்சிட்டேன், இன்னொரு சுத்தான்னு மூஞ்சியத் தூக்குத. ரெண்டு மணி நேரம் லேட்டானா நட்ட ஈடு கேட்டு மனு எழுதுத. வந்து சேந்தவன் எழுதுத மனுதானலே அது?

அந்தப் பெரிய மனுசன் கெளம்பும்போது என்னையும் கேட்டாரு, “தாத்தா, ஏரோப்பிளேன்ல போயிருக்கீங்களா?”ன்னு. போவல, ஆனா வழுக்கி விழுந்திருக்கேன்னேன். சிரிச்சுக்கிட்டே கீழ எறங்கிப் போனாரு. படியில பாசி. கைப்புடியப் புடிங்கன்னு சொல்லி விட்டேன்.

அதெல்லாம் கெடக்கட்டும். மதினி மவன் சொன்ன தண்ணி மெதக்குத கணக்கு ஏரோப்பிளேனுக்கு மட்டும் இல்லயாம். டயர்ல காத்து அழுத்தம் கூடக் கூட, கூடுதல் வேகம் வரைக்கும் அது தண்ணிய மிதிச்சு நிக்கும். 777 டயர்ல 200 பவுண்டுக்கு மேல அடைப்பான். அதுக்கே மணிக்கு 235 கிலோமீட்டர் வேகத்த ஒட்டி வந்தா மெதக்குத பயம் உண்டு. ஒன் கார்ல 30 பவுண்டு. அதுக்கு 90 தாண்டினாலே போதும். போன மழையில கிழக்கு கடற்கரைச் சாலையில 110ல போனேன்னு படம் போட்டியே, அந்த டயர்ல வரி ஏதாச்சும் மிச்சம் இருக்கா? காத்துப் புடிச்சு எத்தன மாசம் ஆச்சு?