குடுமியான்மலை ரெக்கார்டிங் சென்டர்

புதுக்கோட்டைச் சீமையின் முதல் ரெக்கார்டிங் சென்டர் கீழராஜ வீதியில் இல்லை. குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில் இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் ருத்ராசாரியாரின் சீடரான ஓர் அரசர், ஏழு ராகங்களுக்கான ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்தார். சுமார் 13 அடிக்கு 14 அடி. நான்கு நான்காக ஸ்வரம். சாகித்தியம் ஒரு சொல்கூடக் கிடையாது. எல்லாம் மாணவர்களின் நன்மைக்காக என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாணவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அரசர் மகேந்திரவர்ம பல்லவர்தான் என்று ஒரு கோஷ்டி, இல்லவே இல்லை என்று இன்னொரு கோஷ்டி.

நல்ல சரக்குதான். தேயாது, சிக்காது, கரண்ட் கேட்காது. ஒரே குறை, பாடாது.

பாடும் தட்டு வர ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆயிற்று. வந்ததும் ஒரு பக்கத்துக்கு மூன்றே நிமிஷம் என்றது. வித்வான் தொண்டையைக் கனைக்கவே அது போதாது. ஆனாலும் நம்மூர் பி.யு. சின்னப்பா போன்றவர்களின் குரல் இசைத்தட்டேறி ஊர் ஊராகப் போயிற்று. அவர் சம்பாத்தியத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்க, 'இனி வாங்கக் கூடாது' என்று மகாராஜாவே தடை போட்டதாகச் சொல்வார்கள். 1939-இல் திருச்சி வானொலி வந்தது. அது எப்போது பாடுகிறதோ அப்போதுதான் நமக்கு இசை ரசனை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். கல்யாண வீடு கிழக்குத் தெருவில் இருக்கும். பாட்டு மூன்று ஊருக்கு. பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் இருக்கும் வசதி கிடையாது. முள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் பாகவதர் ஒரே சொல்லை நாற்பது தடவை பாடுவார். செட்டுக்காரர் பந்தியில் பாயசம் குடித்து முடித்து, கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் வருவார்.

கேசட் வந்தபின் அதிகாரம் நம் கைக்கு வந்ததாக நினைத்தோம். பாட்டு லிஸ்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் நாலு பாட்டை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்த நாலைச் சேர்த்துப் பதிந்து தருவார். கேட்டால், "அண்ணே, இது அதைவிட நல்லாருக்கும்." நாடா சிக்கினால் பென்சில்.

இப்போது ஆளுக்கொரு செல், காதுக்கொரு வயர். ஆனால் டவுன் பஸ்ஸில் வயரில்லாமல் சத்தமாகப் பாட்டு வைக்கும் தம்பி ஒருவர் எப்படியும் ஏறிவிடுகிறார். பெரியவர்கள் முறைப்பார்கள், கண்டக்டர் சத்தம் போடுவார். பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா மட்டும், "தம்பி, இதுக்கு முந்தின பாட்ட இன்னொருக்கா வையேன்" என்பார்.