சூடு சேமிப்பாளர்

துணி உலர்த்தும் டிரையரின் கழிவுக் காற்றுக் குழாயைச் சுவரிலிருந்து கழற்றி, அந்தக் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிட்டுக்கொள்ளும் குடும்பத் தலைவரே சூடு சேமிப்பாளர். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வசிக்கிறார். டொராண்டோ, பஃபலோ, மினியாபொலிஸ் போன்ற ஊர்களில் நவம்பர் பிற்பாதியில் தலைகாட்டி, ஏப்ரலில் பனி உருகும்போது மறைந்துவிடுவார். சொந்த வீடு இருக்கும். அதன்மேல் கடனும் இருக்கும். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று இவரைச் சொல்லிவிட முடியாது. தேவாலயமோ கோயிலோ, நன்கொடை என்று வந்து நின்றால் முகம் சுளிக்காமல் கொடுப்பார். காசு கொடுத்து வாங்கிய சூடு கண்ணெதிரே வெளியே போவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

இந்தக் குணம் எட்டிப்பார்க்கும் தருணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் பனியை வாரிக்கொண்டிருப்பார். பக்கவாட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மூடி படபடவென்று அடித்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையாக ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதன் அடியில் மட்டும் பனி கரைந்து புல் தெரியும். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். இதமாக இருக்கும். தெருவைச் சூடாக்கவா மாதாமாதம் பில் கட்டுகிறோம் என்று ஒருமுறை தோன்றிவிட்டால் போதும், அன்று மாலைக்குள் அவர் ஹார்டுவேர் கடையில் இருப்பார்.

டிரையர் பிறந்ததே குளிரோடு நடந்த சண்டையில்தான். வடக்கு டகோட்டாக்காரரான ஜே. ராஸ் மூர், உறைபனியில் கொடிகட்டித் துணி காயவைக்கும் அவதி பொறுக்காமல் உருவாக்கிய இயந்திரத்தை, விஸ்கான்சின் மாநிலத்து ஹாமில்டன் நிறுவனம் 1938-இல் 'ஜூன் டே' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. துணியைச் சூடாக்குவது டிரையர் செய்யும் வேலையில் பாதிதான். துணியிலிருந்து கிளம்பும் ஈரத்தை வீட்டைவிட்டு வெளியேற்றுவது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை நம்மவர் ஊதாரித்தனம் என்று நினைக்கிறார்.

அவருடைய தளவாடங்கள் மூன்று வகை. முதலாவது, குழாயின் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே இருக்கும் தகட்டை ஒரு பக்கம் திருப்பினால் காற்று வெளியே போகும், மறுபக்கம் திருப்பினால் வீட்டுக்குள் வரும். இரண்டாவது, தண்ணீர் ஊற்றி வைக்கும் வாளி. பறந்துவரும் பஞ்சுப்பிசிறு தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. சூடான காற்று பட்டுப் பட்டு வாளித் தண்ணீர் வற்றிப்போகும் என்பதும், வற்றியதைப் பார்க்க யாரும் குனிய மாட்டார்கள் என்பதும் ஏற்பாட்டில் சேராதவை. மூன்றாவது வகையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. மனைவியின் பழைய ஸ்டாக்கிங்ஸ் ஒன்றைக் குழாயின் வாயில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார். டிரையர் ஓடத் தொடங்கியதும் அது உப்பி, யாருமில்லாத அறையில் ஒற்றைக் கால் ஒன்று உதைத்துக்கொண்டிருக்கும். ராத்திரி பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவரும் விருந்தாளிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சூடு சேமிப்பாளர் கணக்கில் கெட்டிக்காரர். ஒரு தடவை துணி உலர்த்த மூன்று யூனிட் மின்சாரம் செலவாகிறது. யூனிட்டுக்கு 15 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 45 சென்ட். வாரம் நாலு தடவை, குளிர்காலம் முழுக்க என்று பெருக்கிக் காட்டுவார். பெருக்கல் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சலவை இயந்திரம் பிழிந்து தரும் ஒரு சுமைத் துணியில் இரண்டரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அதை ஆவியாக்கவே அந்த மூன்று யூனிட்டில் ஏறத்தாழ 1.7 யூனிட் போய்விடுகிறது. அந்தச் சூடு ஆவிக்குள் ஒளிந்துகொண்டுதான் அறைக்குள் வருகிறது; ஆவி மறுபடி தண்ணீரானால்தான் வெளிப்படும். எங்கே தண்ணீராகும்? வீட்டிலேயே ஆகக் குளிர்ந்த இடமான ஜன்னல் கண்ணாடியில். கண்ணாடி வாங்கிய சூட்டில் பெரும்பகுதியை மறுபக்கம் தெருவுக்குக் கொடுத்துவிடும். எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது என்று குழாயைப் பிடுங்கினாரோ, அந்தத் தெருவுக்கே. கைக்கு மிஞ்சுவது 20 சென்ட் பெறுமான சூடு. வீட்டு ஹீட்டர் எரிவாயுவில் ஓடுவதாக இருந்தால் அதே சூடு அதில் பாதி விலைக்குக்கூடக் கிடைத்திருக்கும்.

சூட்டை வைத்துக்கொண்டாலும் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு எழுவதே இல்லை. அது கண்ணுக்குத் தெரிவதுமில்லை, பில்லில் வருவதுமில்லை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள பேஸ்மென்ட் ஒன்று, துளி ஈரமும் இல்லாத காற்றோடு தொடங்கினாலும், ஒன்றேமுக்கால் லிட்டருக்குமேல் வாங்கிக்கொள்ளாது. இவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று சுமை போடுவார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் தோல் வெடிக்கிறது, காற்றுக்குக் கொஞ்சம் ஈரம் நல்லதுதானே என்பார். கொஞ்சம் என்றால் நல்லதுதான். ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. டிரையருக்கு இந்த 50 தெரியாது.

ஈரம் ஏறுவதை வீடு படிப்படியாகத் தெரிவிக்கும். முதலில் ஜன்னல் வியர்க்கும். பிறகு கதவு நிலையோடு இழுத்துக்கொண்டு மூட மறுக்கும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்குப் பின்னால், காற்றோட்டம் இல்லாத மூலையில், கரும்புள்ளிகள் விழும். நனைந்த சுவரையோ மரத்தையோ ஓரிரு நாளில் காயவைக்காவிட்டால் பூசணம் பிடித்துக்கொள்ளும். அதன் நுண்வித்துகள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வீட்டில் குழந்தை இருமத் தொடங்கியதும் சூடு சேமிப்பாளர் குளிரைக் குற்றம் சொல்லி, இன்னொரு சுமைத் துணி போடுவார்.

நியூ ஜெர்சியிலும் ஸ்கார்பரோவிலும் தமிழ் பேசும் சூடு சேமிப்பாளர்களைப் பார்க்கலாம். பிறந்ததிலிருந்து வெயிலைத் திட்டியே வளர்ந்தவர்கள், இங்கே வந்து ஒரு குழாய் நிறைய வெக்கையைக் கட்டிக்காப்பது காலத்தின் கோலம். அவர்களிடம் கூடுதலாக ஒரு வாதம் உண்டு: இட்லி மாவு. டிசம்பர் குளிரில் மாவு புளிக்காமல் கல்லாகக் கிடக்கும் துயரம் எல்லாருக்கும் தெரிந்ததே. டிரையர் காற்றுப் படும் இடத்தில் பாத்திரத்தை வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும். மாவோடு கொஞ்சம் பஞ்சுப்பிசிறும், துணி மணக்கப் போட்ட வாசனைத் தாளின் லாவெண்டர் மணமும் சேர்ந்து பொங்கும் என்பதைச் சாப்பிடுகிறவர்கள் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். இந்த வீடுகளில் ஈரமானி தேவையில்லை, அப்பளம் போதும். "ஏங்க, நேத்துப் பிரிச்ச அப்பளம், அதுக்குள்ள நமத்துப்போச்சு. உப்பு கசியுது. நம்ம கல்யாண ஆல்பத்துல தாளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு" என்று மனைவி சொல்லும்போது, "கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருப்பான்" என்று பதில் வரும். அது அப்பளத்துக்கான பதில். ஆல்பத்துக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை.

ஈரம் வீட்டை மெல்லத்தான் கெடுக்கும். பஞ்சு அப்படியல்ல. டிரையர் வலையில் சிக்காமல் தப்பும் பிசிறு, வெளியே போக வழியில்லாமல் இயந்திரத்தின் முதுகிலும் தரையிலும் தண்ணீர்ச் சூடாக்கியின் காலடியிலும் படியும். காய்ந்த பருத்திப் பிசிறு ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பொருள். குழாயின் வாயில் மாட்டிய ஸ்டாக்கிங்ஸோ, ஈரப் பஞ்சு அப்பி அடைத்துக்கொள்ளும். காற்றோட்டம் குறையக் குறைய உள்ளே வெப்பம் ஏறும். நல்ல வேளையாக இருந்தால் வெப்ப ஃபியூஸ் போய் இயந்திரம் நின்றுவிடும். தான் விட்ட ஈரக் காற்றையே டிரையர் திரும்ப இழுப்பதால் துணியும் சீக்கிரம் காயாது. நாற்பது நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஓடும். மிச்சம் பிடித்த 20 சென்ட் அங்கேயே கரைந்துவிடும். 2008 முதல் 2010 வரையிலான தரவுகளைக் கொண்டு அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் மதிப்பிட்டபடி, வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள். 5 உயிர்கள், 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் சேதம். முதன்மையான காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. மாதங்களில் ஜனவரிதான் உச்சம். சூடு சேமிப்பாளரின் பணி மும்முரமாக நடக்கும் மாதமும் அதுவே.

இதுவரை சொன்னது மின்சார டிரையரைப் பற்றி. எரிவாயு டிரையரில் சிரிக்க ஒன்றுமில்லை. அதன் குழாயில் வருவது துணியின் ஆவி மட்டுமல்ல, உள்ளே எரியும் எரிவாயுவின் புகையும் சேர்ந்தது. அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும். காய்ச்சல் இல்லாத ஃப்ளூ என்று படுத்துக்கொண்டவர் எழாமலே போகலாம். ஒன்டாரியோ மாகாணம் 2014-இல் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது. அலாரம் அடித்தால் எல்லாரும் வெளியேறி, வெளியிலிருந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றுபவர்களும் சூடு சேமிப்பாளர்களில் உண்டு.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, டிரையர் காற்று கட்டடத்துக்கு வெளியேதான் முடிய வேண்டும் என்கிறது. உள்பக்கம் வழவழப்பான உலோகக் குழாய், நான்கு அங்குல விட்டம், பொதுவாக 35 அடிக்கு மேற்படாத நீளம், ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் அதில் ஐந்தடி கழிவு. பஞ்சு சிக்கி அடைக்கும் என்பதால் முனையில் வலைகூட மாட்டக் கூடாது. இவ்வளவையும் அவர் படிப்பது வீட்டை விற்கும்போதுதான். வாங்க வருபவர் அனுப்பும் பரிசோதகர் வாளியைப் பார்ப்பார், ஸ்டாக்கிங்ஸைப் பார்ப்பார், அலமாரியை நகர்த்திச் சுவரையும் பார்ப்பார். பிறகு விலை பேசும்போது அந்தச் சுவருக்காகக் குறைக்கப்படும் தொகை, பல குளிர்காலங்களின் சென்ட்டுகளை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். பிடுங்கிய குழாயைத் திரும்ப மாட்ட ஓர் உலோகக் குழாயும் இரண்டு பட்டைக் கவ்விகளும் போதும். ஒரு மணி நேர வேலை.

சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும் அவருடைய ஆசைக்கு நேர்மையான வழியும் இருக்கிறது. ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கும் ஹீட் பம்ப் டிரையருக்குப் புறக்குழாயே கிடையாது. ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, குளிர்ந்த சுருளில் ஈரத்தைத் தண்ணீராக வடித்து, அப்போது வெளிப்படும் சூட்டைத் துணிக்கே திருப்பிக் கொடுக்கிறது. மின்சாரமும் கணிசமாகக் குறைவு. விலை அதிகம், உலர்த்த நேரமும் கூடுதல். அதனால் சூடு சேமிப்பாளர் அதை வாங்க இரண்டு மூன்று குளிர்காலம் யோசிப்பார். வாங்கியபின், வடிந்த தண்ணீர் நிரம்பிய தொட்டியை முதன்முதலாக இழுத்துப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் பேச்சு வராது. அதைச் சாக்கடையில் ஊற்றுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீடு துடைக்க ஆகும் என்று அதே பழைய வாளியில் பிடித்து வைத்திருப்பார்.