தொட்டி வளர்ப்பு

ஆஸ்திரேலியாவில் டிசம்பர்தான் கோடை. பூகோள வாத்தியார் உலக உருண்டையைச் சுற்றிச் சுற்றிச் சொன்ன இந்தச் சங்கதி, நான் ரிட்டயர் ஆன பிறகு 13,600 லிட்டர் தண்ணீராக என் தோட்டத்தில் வந்து இறங்கியது.

மகன் பெர்த் நகரத்தில் வேலை பார்க்கிறான். அங்கே வீட்டுப் பின்பக்கம் நீச்சல் குளம் இருப்பது சாதாரணம். அச்சில் வார்த்தெடுத்த ஒரே துண்டு ஃபைபர் கிளாஸ் தொட்டி; குழி வெட்டி, லாரியில் வருவதை கிரேனில் இறக்கினால் வேலை முடிந்தது. பிள்ளைகள் லீவுக்குச் சேந்தமங்கலம் வந்தால் பொழுது போக வேண்டாமா என்று அதே மாதிரி ஒன்றை இங்கேயும் ஏற்பாடு செய்துவிட்டான். 15 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம். நாமக்கல் பக்கம் லாரிகளுக்குப் பேர்போனது. எரிவாயு டேங்கர் போனால் எங்கள் ஊரில் நாய்கூடத் தலை தூக்காது. ஆனால் நீல நிறத் தொட்டி ஒன்று ஒருக்களித்துப் படுத்தபடி கடைவீதியில் வந்தபோது டீக்கடை பெஞ்சுகள் காலியாகிவிட்டன.

"கோழிப் பண்ணைக்குங்களா?"

"இல்லீங்க."

"சேகோ மில்லுக்குங்களா?"

"இல்லீங்க, குளிக்கறதுக்கு."

"அப்ப பம்புசெட்டு என்னாச்சுங்க?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. என் மனைவி அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னாள்: "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருந்தா, நீங்க படற பாட்டுக்குப் பாலாவது கறந்திருக்கலாம்." மாடும் தொட்டியும் விடியற்காலையில் எழுப்பும், கல்யாணம் காட்சிக்குப் போனால் ஆள் வைக்கச் சொல்லும், மழை வந்தால் ஓடச் சொல்லும். பால் மட்டும்தான் வித்தியாசம்.

பெர்த் பள்ளிகளின் கோடை விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரிக் கடைசி வரை. நமக்கு அது மார்கழியும் தையும். கொல்லிமலை அடிவாரத்தில் கம்பளியை விட்டுக் கையை வெளியே எடுக்க மனம் வராத காலம். இங்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது பேரப்பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். இந்தப் பொருத்தத்தை ஜோசியர் யாரும் பார்க்கவில்லை.

"அப்ப மத்த பத்து மாசமும் தண்ணிய எறச்சுட்டு சும்மா போட்டுருங்க மாமா" என்பது என் மச்சினனின் முதல் யோசனை. வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதும் இதேதான். கிணறு தூர்வாரிப் பழகிய ஊர். ஆனால் ஃபைபர் தொட்டியை முழுசாகக் காலி செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் நிற்கும் வரைதான் அது தரைக்குக் கட்டுப்படும். தொட்டியின் சொந்த எடை சில நூறு கிலோ. குழியைச் சுற்றி ஈரம் கட்டி நின்றால், அந்தத் தண்ணீர் கீழிருந்து டன் கணக்கில் மேலே தள்ளும். காலித் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்து மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டுபிடித்ததாகச் சொல்வார்களே, அதே விதி.

"நம்ம போர்ல 900 அடிக்குக் கீழதான தண்ணி, அது எங்கீங்க மேல வரப்போகுது?" என்றார் மச்சினன். நியாயமான கேள்விதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இந்தியா முழுக்கத் துளை போடுகிறார்கள். அவர்களுக்கே எங்கள் தோட்டத்தில் மூச்சு வாங்கியது. ஆனால் ஐப்பசி மழையின்போது தொட்டியைச் சுற்றிக் கொட்டிய மண் மட்டும் இளக்கமாக இருக்கும். சுற்றுவட்டாரத்து மழைத் தண்ணீர் அதைத் தேடிவந்து தங்கும். பயிருக்கு 900 அடியில் ஒளிந்துகொள்கிற தண்ணீர், என் தொட்டியைக் கவிழ்க்க மட்டும் 4 அடியில் வந்து காத்திருக்கும். அதை வேவு பார்க்க மூலையில் ஆறங்குல பிவிசி குழாய் ஒன்றைச் செங்குத்தாக இறக்கி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் டார்ச் அடித்து அதற்குள் எட்டிப் பார்ப்பதும், நீர் நின்றால் சின்ன மோட்டார் விட்டு இறைப்பதும் என் கடமை. நடுராத்திரி ஒரு கிழவன் குழாய்க்குள் டார்ச் அடிப்பதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புதையல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை, கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

ஆக, குளிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீர் நிற்க வேண்டும். நிற்கிற தண்ணீர் பாசி பிடிக்காமல் இருக்கக் குளோரின் வேண்டும். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 1 முதல் 3 பங்கு. என் தொட்டிக்கு 14 கிராமிலிருந்து 40 கிராம். கேட்க எளிதுதான். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் வெறும் குளோரினைப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி பறந்துவிடும். அதைப் பிடித்துவைக்க சயனூரிக் அமிலம் என்று ஒரு காவல்காரன். காவல்காரன் அதிகமானால் குளோரினை வேலையே செய்ய விடமாட்டான். ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பி.ஹெச். என்கிற அமில-காரக் கணக்கு. இது 7.2க்கும் 7.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். எட்டைத் தொட்டுவிட்டால் போட்ட குளோரினில் கால்பங்குதான் கிருமியைக் கொல்லும். மீதி சும்மா வேடிக்கை பார்க்கும். 7.5 என்றால் பாதி வேலை செய்யும். நாமக்கல் ஜில்லாவில் ஏழரை வேண்டும் என்று தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறவன் நான் ஒருவன்தான். ஏறினால் இறக்க ஆசிட். ஆசிட்டையும் குளோரினையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது, கலந்தால் விஷவாயு. அதனால் ஒன்று மாட்டுக் கொட்டகையில், இன்னொன்று மோட்டார் ரூமில். நடுவில் நான்.

மச்சினன் சும்மா இருப்பாரா? "பேரூராட்சியில பிளீச்சிங் பவுடர்தானே போடறாங்க, கிலோ கணக்குல வாங்கிக் கொட்டுங்க" என்றார். பிளீச்சிங் பவுடரில் பெரும்பகுதி சுண்ணாம்பு. எங்கள் போர் தண்ணீரோ டம்ளரில் ஊற்றி வைத்தால் வெள்ளைக்கோடு போடுகிற உப்புத் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் தொட்டியின் பளபளப்புப் பூச்சில் சுண்ணாம்பு அடை கட்டும். அடுத்த யோசனை மயில்துத்தம். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களில் அடிப்பார்களே, அது. பாசி சாகும், மறுக்கவில்லை. கூடவே ஃபைபரில் தாமிரக் கறை ஏறும், வெளுத்த தலைமுடி பச்சையாகும். எனக்கு வெளுத்த முடிதான் மிச்சம். சம்மதிக்கவில்லை.

நீர்மட்டத்தில் படிகிற வெள்ளைக்கோட்டை மட்டும் பிழிந்த எலுமிச்சந்தோலால் தேய்த்து எடுக்கிறேன். தோட்டத்து வேலைக்கு வருகிற அம்மா தேங்காய் நாரும் பாத்திரம் விளக்கும் பொடியுமாக ஒருநாள் இறங்கப் பார்த்தார். ஃபைபரின் மேல்பூச்சு வழவழப்பாக இருப்பதால்தான் பாசிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கீறல் விழுந்தால் அந்த அனுகூலம் போச்சு. குறுக்கே விழுந்து தடுத்தேன். "சொந்தக்காரங்க வந்தாக்கூட இப்படிக் குறுக்க விழ மாட்டாரு" என்று வீட்டில் போய்ச் சொன்னாராம்.

மின்சாரக் கதை சுருக்கமானது. விவசாயத்துக்குத் தருகிற இலவச மின்சாரத்தில் இதை ஓட்டக்கூடாது, வீட்டு இணைப்புதான். முக்கால் குதிரைத்திறன் மோட்டார் தினம் 6 மணி நேரம் தண்ணீரை மணல் வடிகட்டிக்குள் சுற்றவிட்டால் ஏறக்குறைய 4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 240. சர்க்கார் தள்ளிக்கொடுக்கிற 100 யூனிட்டை என் பேரப்பிள்ளைகள் பெர்த்தில் இருந்தபடியே குடித்துவிடுகிறார்கள். மாதம் ஒருநாள் பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் நிறுத்தப்படும். அவர்கள் பராமரிக்கிற அன்று என்னால் பராமரிக்க முடியாது.

சித்திரையில் ஒரு நாளைக்கு 6, 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும், ஐந்து குடம். ஊற்ற ஊற்றத் தண்ணீர் போகும், உப்பு மட்டும் தங்கும். இந்த மாதத்தில்தான் குளிக்க முடியும். பக்கத்துப் பையன்களைக் கூப்பிட்டேன். வந்தவுடன் மோட்டார் ரூம் கூரையைத்தான் பார்த்தார்கள். நாலடித் தண்ணீரில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து முறிந்துவிடும், குதிக்கக்கூடாது என்றேன்.

"குதிக்கக் கூடாதுங்களா? அப்பறம் எதுக்குங்க?"

கிணற்று மேட்டிலிருந்து பாய்ந்தே நீச்சல் பழகிய பரம்பரை. படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றார்கள். கொட்டைகள் வடிகட்டிக் கூடையில் கிடைத்தன.

ஆடியில் காற்று. அந்தக் காற்று தென்னை, வேம்பு, புளி என்று ஒன்றையும் விடாமல் என் தொட்டியில் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகும். அதே மாதம் கொல்லிமலைமேல் வல்வில் ஓரி விழா. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கி வருகிற சொந்தபந்தம் தலைசுற்றலோடு என் வீட்டில்தான் நிற்கும். தொட்டியைச் சுற்றி வந்து எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: "மீன் உடலீங்களா?"

நேர்மையாகச் சொன்னால், தொட்டி உண்மையாகப் பயன்படுவது புரட்டாசிச் சனிக்கிழமைகளில். நைனாமலைப் பெருமாளைப் பார்க்க ஆயிரக்கணக்கான படி ஏறி இறங்கியவர்கள் வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார்கள். அவர்கள் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். அவர்கள் போனபிறகு தண்ணீர்மேல் வலித்தைலம் வானவில்லாக மிதக்கும். அதை எடுக்கத் துணி போட்டு ஒற்றுவது ஒரு தனிக்கலை.

மழை ஆரம்பித்ததும் கொசு ஒழிப்புப் பணிக்கு வருகிற அம்மா டார்ச்சோடு வருவார். சுற்றிக்கொண்டே இருக்கிற குளோரின் தண்ணீரில் கொசு முட்டையிடாது என்று விளக்க நான் தயாராக நிற்பேன். அவர் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேராகத் தொட்டிமேல் போட்ட தார்ப்பாய்க்குப் போவார். "குளத்துல எங்கீங்க இருக்கும்? மடிப்புல நிக்குது பாருங்க, அதுலதான்." டெங்குக் கொசுவுக்கு ஒரு கரண்டி நல்ல தண்ணீர், ஒருவாரம் பத்து நாள் அவகாசம், அவ்வளவே போதும். தொட்டியைப் பற்றி ஊரில் சரியாகப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

இத்தனையும் தாண்டி மார்கழி வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். கண்ணாடித் தண்ணீர். அடியில் காசு போட்டால் தலையா பூவா தெரியும். பேரன் கரையில் நின்று, "அப்பாரு, பி.ஹெச். எவ்வளவு?" என்றான். என் வாழ்நாளில் அதைக் கேட்ட முதல் மனிதன்! ஏழரை என்றேன். தலையசைத்துவிட்டுக் கட்டைவிரலை நனைத்தான், உடனே எடுத்தான். பேத்தி அண்ணன் முகத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டாள். இரண்டும் அப்பத்தா போட்ட வெந்நீரில் குளித்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயின. லீவு முழுக்க அங்கேயே கிடந்தன. அடுத்த வருஷத்துக்கு சோலார் ஹீட்டர் வாங்கலாம் என்று மகன் படம் அனுப்பியிருக்கிறான்.

நேற்று மச்சினன் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். பயோஃபிளாக் மீன் வளர்ப்பாம். 2020இல் வந்த மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் மானியம் கிடைக்குமாம். தண்ணீரில் கிருமி பெருகினால்தான் மீனுக்குத் தீனியாம். அதற்கு வெல்லம் கரைத்து ஊற்ற வேண்டுமாம். "வருஷம் பூரா நீங்க கொன்னீங்க, இனி அதுங்களுக்கே வெல்லம் கொடுங்க மாமா" என்று மனு எழுத உட்கார்ந்தார். நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப இந்தத் தொட்டி எதுக்குப் பயன்படுதுன்னு எழுதறதுங்க?"

"பராமரிக்க" என்றேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டார்.